பிரிக்பீல்ட்ஸில் காக்கா பார்த்தவர்கள்

செத்துப்போன வீரம்மா சோறு தின்ன மறுக்கிறாள் என்பதுதான் அந்த வருஷம் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்தின் வரிசை வீடுகள் முழுக்கப் பேச்சு. உயிரோடு இருக்கிறவர்கள் தின்றார்களா இல்லையா என்று எட்டிப் பார்க்காத ஜனம், செத்தவள் தின்னவில்லை என்றதும் வேலிக்கு வேலி கழுத்தை நீட்டியது.

விஷயம் இதுதான். ரயில் பட்டறையில் பிட்டர் வேலை பார்க்கும் தம்புசாமியின் அம்மா வீரம்மாவுக்கும், காப்பார் தோட்டத்திலிருந்து அவன் கட்டிக்கொண்டு வந்த சீதாலெட்சுமிக்கும் அம்மிக்கல்லில் சண்டை. அம்மி அடுப்புப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்பது மாமியார் கட்சி. வெளிச்சம் விழுகிற பின்வாசலோரம் இருக்கட்டும் என்பது மருமகள் கட்சி. ஒருநாள் மாமியார் பாசாருக்குப் போன நேரம் பார்த்து மருமகள் அம்மியை நகர்த்திவிட்டாள். கருங்கல் அம்மியை ஒற்றை ஆளாக நகர்த்தினவளிடம் கொஞ்சம் பார்த்துப் பேச வேண்டாமோ? வீரம்மா அதெல்லாம் பார்க்கிற ஆள் இல்லை. வாசலில் நின்று லயத்துக்கே கேட்கும்படி, “இனிமே உன் கையால ஒரு வாய் சோறு தின்னேன்னா என்னை ஏன்னு கேளுடி!” என்று கத்தினாள். சொன்ன வாரமே மலைக்காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தாள்.

அவள் போனாள். சொன்ன சொல் போகவில்லை.

அமாவாசை வந்தது. சீதாலெட்சுமி குளித்து, சமைத்து, ஒரு துண்டு வாழை இலையில் சோறும் பருப்பும் வடையும் வைத்துக் கொடுக்க, தம்புசாமி ஏணி போட்டுத் தகரக் கூரைமேல் வைத்து, “கா… கா…” என்று கூப்பிட்டான். காக்கா எடுத்தால்தான் செத்தவர் தின்ற கணக்கு. அப்புறம்தான் வீட்டில் இலை போடுவது. காக்கா வரவில்லை. மைனா வந்து வடையைக் கொத்தியது. அணில் வந்து பருப்பில் உருண்டது. தம்புசாமியின் வயிறுதான் காக்கா மாதிரிக் கத்தியது. அடுத்த அமாவாசையும் அப்படியே. அதற்கடுத்ததும்.

மற்ற வீடுகளில் மட்டும் காக்கா வந்து பந்தியில் உட்கார்ந்ததா என்றால், அதுவும் கிடையாது. சும்மா ஒரு பேச்சுக்குக் கூப்பிட்டுவிட்டு, சோற்றைப் பால்காரர் மாட்டுக்கு வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். அவர்கள் வீட்டுச் செத்தவர்கள் கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை. ஆனால் வீரம்மா சபதம் போட்டுவிட்டுப் போனவள் ஆயிற்றே! குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, “அந்தக் கிழவி உசிரோட இருந்தப்பவே பிடிச்ச பிடி விடாது. இப்ப விடுமா?” என்று பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். சீதாலெட்சுமி வந்ததும் சிரிப்பை நிறுத்தி, குடம் நிரம்பிவிட்டதா என்று பார்த்தார்கள்.

சிரிப்போடு போயிருந்தால் சரி. சேதி ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனது. அங்கே வீரம்மாவின் அக்கா இராஜம்மா இருந்தாள். தம்புசாமிக்குப் பெரியம்மா. கிள்ளான் கடைத்தெருவில் கணவர் கணக்கெழுதும் கிராணி என்பதால் பேச்சில் ஒரு கிராணித்தனம் இருக்கும். அவள் ஆள்மூலம் சொல்லியனுப்பினாள்:

“தலைத் திவசத்துக்கு நானே வரேன். என் கண்ணால பாக்கறேன். காக்கா எடுத்தா அந்த வீட்டுல கை நனைப்பேன். எடுக்கலைன்னா அவளைக் காப்பார்ல அவ அப்பன் வீட்டுல கொண்டுபோய் விட்டுடு. மாமியா ஏத்துக்காத மருமக இருக்கிற வீடு விளங்காது.”

தம்புசாமி பட்டறையில் இரும்பை வளைக்கிறவன். பெரியம்மா முன்னால் அவனே வளைந்துவிடுவான். “பெரியம்மா சொல்லிடுச்சே…” என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“நீங்க என்ன சொல்றீங்க?” என்று கேட்டாள் சீதாலெட்சுமி.

“நான் என்ன சொல்றது. காக்கா சொல்லணும்.”

அன்று அவள் துணி துவைத்த சத்தம் மூன்றாம் வீடு வரை கேட்டதாம்.

பக்கத்து வீட்டு ரபேல்தான் முதலில் வாயைத் திறந்தார். கிள்ளான் ரயிலில் கரி தள்ளுகிற பயர்மேன். அவரும் மனைவி மகதலேனாவும் கத்தோலிக்கர். அதனால் காக்கா விஷயத்தில் அதுவரை மரியாதையாக ஒதுங்கி இருந்தார்கள். அதாவது, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார்கள்.

“ஏம்மா சீதா, ஒண்ணு கேக்கறேன். நீ இந்த லயத்துக்கு வந்ததிலேருந்து ஒரு காக்காவையாவது பாத்திருக்கியா?”

“என்ன அண்ணே, காக்காவப் பாக்காம…” என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். குழாயடி, பட்டறைச் சுவர், செங்கல் சூளை, ஆற்றோரம் என்று மனசுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். மைனா உண்டு. புறா உண்டு. கொக்கு உண்டு. காக்கா?

“இல்லையே அண்ணே!”

“இருந்தாத்தானே! நான் தினமும் போய்ட்டு வரேன், எனக்குத் தெரியும். கிள்ளான்ல காப்பித் தோட்டத்துல புழு விழுதுன்னு ஒரு துரை சிலோன்லேருந்து கப்பல்ல காக்கா கொண்டாந்து விட்டாராம். அது அங்கயே பெருகிக் கெடக்கு. இங்க வரல. உங்க மாமியாருக்குக் கோபமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது இன்னும் வண்டி ஏறல!”

வேலிக்கு உள்ளிருந்து மகதலேனா, “நம்ம சாமிக்குப் புறா, அவங்களுக்குக் காக்கா. அவங்கவங்க பட்சி அவங்கவங்களுக்கு. நீங்க வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க” என்று அதட்டினாள். ஆனால் நெருப்பு வைத்தாகிவிட்டது.

கூப்பிட்ட நேரமெல்லாம் அண்ணாந்து பார்த்த ஜனம், வருவதற்கு ஒன்று இருக்கிறதா என்று மட்டும் பார்க்கவில்லை! சீதாலெட்சுமி தம்புசாமியிடம் சொன்னாள். அவன் பட்டறையில் சொன்னான். மாலைக்குள் லயம் இரண்டாகப் பிரிந்தது. பிறந்ததிலிருந்து காக்காவைப் பார்த்து வளர்ந்தவர்களிடம் போய் “இங்கே காக்கா இல்லை” என்றால் யாருக்குத்தான் ரோஷம் வராது? ரயில்வே கேட் காவல் பார்க்கும் ரெங்கசாமிக்கு ரொம்பவே வந்தது. கேட்டை மூடிவிட்டு வானத்தைப் பார்ப்பதுதான் அவர் உத்தியோகமே.

“நான் தினமும் பாக்கறேன்லா. காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு.”

“எங்க மாமா உக்காரும்?”

“உக்காராது. பறந்துட்டே இருக்கும்.”

“அப்ப அது வௌவால்!” என்றது கூட்டம்.

ரெங்கசாமிக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. மறுநாளிலிருந்து கேட் கொட்டகை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். அவரைப் பார்த்துத் தண்ணீர்த் தொட்டிக்காரன், அவனைப் பார்த்துச் சூளைக்குக் கட்டை வெட்டுகிறவர்கள் என்று பிரிக்பீல்ட்ஸில் பாதிப் பேர் கழுத்து வலிக்க வானத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். பார்த்தவர்கள் எல்லாம் ஓடி வருவது சீதாலெட்சுமி வீட்டு வாசலுக்கு.

“தங்கச்சி! பாத்துட்டேன்! தந்திக் கம்பத்துல. கன்னங்கரேல்னு!”

அவள் புடைவையைச் செருகிக்கொண்டு ஓடுவாள். முதல்முதல் ஓடிப் பார்த்தது கரிச்சான். வால் நடுவில் பிளந்திருந்தது. அடுத்தது குயில். அது வாயைத் திறந்ததுமே ரெங்கசாமி முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஒருதரம் சூளைக்குப் பின்னால் காக்கா என்று கூட்டிப்போய்க் காட்டினார்கள்; அது கரிப்புகை ஏறிப்போன புறா.

போகப் போக சீதாலெட்சுமி ஓடுவதற்கு முன்னால் குறுக்கு விசாரணை செய்ய ஆரம்பித்தாள்.

“வால் எப்படி? ஒத்தையா, ரெட்டையா?”

“கழுத்து என்ன நெறம்? சாம்பலா, கறுப்பா?”

“நடந்துச்சா, தத்துச்சா?”

பதில் தடுமாறினால், “போங்க மாமா, அது காக்கா இல்ல” என்று மாவு பிசையப் போய்விடுவாள். காக்காவைப் பற்றி அவளிடம் பொய் சொல்ல முடியாது என்ற பேர் வந்துவிட்டது. மாமியார் இருந்தவரை தலையை நிமிர்த்தாதவள் இப்போது வானத்தை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை என்று குழாயடியில் புதுச் சிரிப்பு கிளம்பியது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். காப்பார் பயம் நெஞ்சில் கிடந்தாலும், யாராவது “தங்கச்சி!” என்று கத்தும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அதைக் குழாயடியும் பார்த்தது. பொறாமையாகத்தான் பார்த்தது.

ஒரு காலை நேரம் ரெங்கசாமி கேட்டிலிருந்தே கத்திக்கொண்டு ஓடி வந்தார். “ஆலமரத்துல! பெருசு! ரொம்பப் பெருசு! ரெண்டு காக்கா சேர்ந்தாப்ல!”

லயமே திரண்டு போனது. பழுத்துக் கிடந்த ஆலமரத்தில் கறுப்பாக ஒரு பறவை, முழ நீள மூக்கு, அந்த மூக்குக்கு மேல் இன்னொரு மூக்கு. பழத்தைத் தூக்கிப் போட்டுப் பிடித்து விழுங்கியது. எழுந்து பறந்தபோது ரயில் ஆவி விடுகிற மாதிரி இறக்கை சத்தம் போட்டது. காட்டுக்குள்ளேயே கிடக்கிற இந்தப் பறவையைப் பார்க்கத் துரைமார்கள் தூரக்கண்ணாடியும் துப்பாக்கியுமாக வாரக்கணக்கில் அலைகிறார்கள் என்று ரபேல் சொன்னார்.

“சீ! இது காக்கா இல்ல” என்றாள் சீதாலெட்சுமி. லயமும் ஒரே குரலாக “சீ!” என்றது. அவ்வளவு அபூர்வமான பறவையை அவ்வளவு அலட்சியமாக யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

திவசம் நெருங்கியது. கிள்ளானிலேயே போய்ப் படைத்துவிட்டால் என்ன என்று தம்புசாமி கேட்டுப் பார்த்தான். “செத்த வீட்டுலதான் வைக்கணும். இங்க இருக்கிற காக்காவெல்லாம் எங்க வீட்டு ஆளுங்க” என்று பெரியம்மாவிடமிருந்து பதில் வந்தது. காக்காவிலும் கிராணி வீட்டுக் காக்கா! கடைசியில் ரபேல் ஒரு மீன்கூடையை எடுத்துக்கொண்டு போய்க் கிள்ளான் ஸ்டேஷனில் ஒரு காக்காவை எப்படியோ அமுக்கிவிட்டார். ரயில் பத்து தீகா ஸ்டேஷன் வருவதற்குள் அது கூடையைப் பிய்த்து, அவர் கட்டை விரலையும் பிய்த்துவிட்டுப் போய்விட்டது. கட்டுப்போட்ட விரலோடு வந்து நின்றவரைப் பார்த்து மகதலேனா, “கூடை எங்க?” என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

திவசம் ஒரு வெள்ளிக்கிழமை.

காலை ரயில் கேட்டைத் தாண்டும்போதே ரபேல் இஞ்சினிலிருந்து பாதி உடம்பை வெளியே விட்டுக் கரிச்சட்டியை ஆட்டினார். கத்தினார். இஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ரெங்கசாமி அவர் காட்டிய திக்கில் பார்த்தார். கடைசியில் கோத்திருந்த சரக்குப் பெட்டியின் கூரைமேல், காற்றுக்கு எதிராக இறகு சிலிர்க்க, கழுத்து சாம்பலும் உடம்பு கறுப்புமாக, டிக்கெட் வாங்கினவர் மாதிரி உட்கார்ந்திருந்தது.

“காக்கா! காக்காடோய்! சாம்பக் கழுத்து!”

ரெங்கசாமி ஓடினார். கேட்டைத் திறக்க மறந்து ஓடினார். இரண்டு பக்கமும் மாட்டு வண்டிகள் தேங்கி, வண்டிக்காரர்கள் தமிழிலும் சீனத்திலும் மலாயிலும் அவர் வம்சத்தை விசாரித்தார்கள். அவர் காதில் எதுவும் ஏறவில்லை.

இராஜம்மா ஸ்டேஷனில் இறங்கினாள். அதே ரயிலில் வந்த மற்றதும் இறங்கியது. அவள் லயத்துக்குள் நுழையும்போது வரவேற்க ஒரு ஆள் இல்லை. அத்தனை பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “என்னடா இது, தேர்த் திருவிழாவா?” என்றாள்.

“பெரியம்மா, காக்கா!” என்றான் தம்புசாமி, தேரையே பார்த்தவன் போல.

“காக்காவப் பாத்ததில்லையா நீங்க?”

ஒரு கழுத்தாவது தொட்டியை விட்டுத் திரும்ப வேண்டுமே!

சீதாலெட்சுமி அடுப்படிக்கு ஓடினாள். இலையில் எல்லாவற்றையும் வைத்துக் கொடுத்தாள். தம்புசாமி கூரைமேல் வைத்துவிட்டு, தொண்டையைச் செருமி, “கா… கா…” என்றான். லயமே கழுத்தை நீட்டியது. காக்கா தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தது. மறுபக்கம் சாய்த்து இன்னொரு கண்ணால் பார்த்தது. எழும்பியது. கூரைக்கு மேலே வந்தது. இலைக்கு நேரே வந்தது. வந்து, தாண்டிப் போய், அடுத்த கூரையில், மகதலேனா வீட்டு அடுப்படிக்கு மேலே உட்கார்ந்தது.

“கா!” என்றது.

தம்புசாமி மறுபடி கூப்பிட்டான். கெஞ்சினான். “அம்மா, வாம்மா” என்றே கூப்பிட்டுவிட்டான். அது அசையவில்லை.

இராஜம்மா மூக்குத்தியைத் தொட்டுக்கொண்டாள். “காக்கா இல்ல, காக்கா இல்லன்னு கதை விட்டீங்க. இப்ப வந்துச்சே, தொட்டுச்சா? பாத்தும் தொடல. என் தங்கச்சி சொன்னா சொன்னதுதான். தம்பு, சாயங்கால வண்டிக்கு இவ துணிமணியக் கட்டச் சொல்லு.”

இத்தனை மாதம் காக்கா இல்லை என்ற சாக்காவது இருந்தது. இப்போது அதுவும் போயிற்று. தம்புசாமி ஏணியிலேயே நின்றான், ஏறுவதா இறங்குவதா என்று தெரியாமல். குழாயடிப் பெண்கள்கூடச் சிரிக்கவில்லை.

சீதாலெட்சுமி அழுதிருக்க வேண்டும். எல்லோரும் அதற்குத்தான் காத்திருந்தார்கள். அவளோ அண்ணாந்து காக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆலமரத்துக்கு வந்தது பழத்துக்கு வந்தது. கரிச்சான் தந்திக் கம்பத்தில் உட்கார்ந்தது பூச்சிக்கு உட்கார்ந்தது. கூப்பிட்டு வந்த பறவை ஒன்றையும் இத்தனை நாளில் அவள் பார்க்கவில்லை. இது எதற்கு அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது? மூக்கை உறிஞ்சினாள். வெள்ளிக்கிழமை. கறி தின்னாத நாள் என்று மகதலேனா அடுப்பில் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தாள்.

வேலியை ஒரே தாண்டு. “அக்கா, ஒரு துண்டு குடுங்க!”

“எதுக்குடி?”

“குடுங்கக்கா!”

சட்டியிலிருந்து சூடாகவே ஒரு துண்டை அள்ளிக்கொண்டு, விரலை ஊதிக்கொண்டு, ஏணிக்கு வந்தாள். “எறங்குங்க” என்றாள் புருஷனிடம். அவன் இறங்கினான்.

இராஜம்மாவுக்கு விஷயம் புரிய ஒரு கணம் ஆயிற்று. “அடியே! திவசச் சோத்துல கருவாடா! தீட்டுடி! என் தங்கச்சி சைவம்டி!”

ஏணியின் பாதியில் நின்று சீதாலெட்சுமி திரும்பினாள். “யாரு சொன்னா சைவம்னு? நீங்க வர்ற அன்னிக்கு மட்டும்தான் அத்தை சைவம், பெரியத்தை. நீங்க ரயிலேறின கையோட அத்தை கருவாட்டுப் பானையத் தேடுவாங்க. கருவாடு இல்லாம அவங்களுக்கு ஒரு நாள் சோறு எறங்கினதில்ல. வேணும்னா உங்க மகனையே கேளுங்க.”

எல்லார் கண்ணும் தம்புசாமி மேல். இரும்பை வளைக்கிறவன் இப்போதாவது நிமிர்வானா? பெரியம்மாவைப் பார்த்தான். ஏணியில் நிற்கிறவளைப் பார்த்தான்.

“ஆமா பெரியம்மா” என்றான். “நெத்திலின்னா உசுரு.” அதோடு நிற்காமல், கெட்டியாகச் சொன்னான்: “வை சீதா.”

வைத்தாள். இறங்கி ஏணியை எடுத்துவிட்டாள். கூப்பிடக்கூட இல்லை. ரெங்கசாமி ஏதோ சொல்ல வாயெடுக்க, மகதலேனா கரண்டியைக் காட்டி அடக்கினாள்.

காக்கா ஒரு தத்து தத்தியது. பறந்தது. தகரத்தில் நகம் கீறிய சத்தம் கீழே நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. கருவாட்டைக் காலில் மிதித்துக் கொத்தியது. தின்றது. பிறகு சோறு. அப்புறம் வடை. பிறகு நிதானமாக மறுபடி சோறு. அலகைத் தகரத்தில் இப்படியும் அப்படியும் தீட்டிக்கொண்டது.

“எடுத்துருச்சு!”

லயம் போட்ட கூச்சலில் காக்கா சூளைப் பக்கம் பறந்தே போய்விட்டது. பட்டறையிலிருந்து ஆட்கள் என்ன விபத்தோ என்று ஓடி வந்தார்கள். தம்புசாமி எல்லோர் முன்னாலும் பெண்டாட்டி கையைப் பிடித்துவிட்டு, பிடித்தது தெரிந்ததும் விட்டுவிட்டு, மறுபடி பிடித்தான். குழாயடியில் அதைப் பற்றித் தனியாகப் பேச ஒரு வாரம் ஆயிற்று.

உடனே அடுத்த சண்டை ஆரம்பித்தது: முதலில் பார்த்தது யார்? “இஞ்சின்லேருந்து காட்டினது யாரு?” என்றார் அதற்குள் இஞ்சினை விட்டு ஓடி வந்திருந்த ரபேல். “கேட்டையே விட்டுட்டு ஓடி வந்தது யாரு?” என்றார் ரெங்கசாமி. கேட் இன்னும் மூடித்தான் கிடக்கிறது என்பது அப்போதுதான் ஞாபகம் வந்து அலறிக்கொண்டு போனார். இராஜம்மா தன் பங்குக்கு, “என்கூட வந்த காக்காதானே. என்னைத் தெரிஞ்சுதான் வந்துச்சு” என்றாள். யாரும் மறுக்கவில்லை. அவளுக்கும் பசி என்பது முகத்தில் தெரிந்தது.

சீதாலெட்சுமி பாய் விரித்து இலை போட்டாள். சோறு வைத்தாள். இராஜம்மா இலைமுன் உட்கார்ந்தாள். தண்ணீர் தெளித்தாள். பிசைந்து ஒரு வாய் போட்டுக்கொண்டாள்.

“கொழம்புல புளி பத்தல” என்றாள்.

“இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா பெரியத்தை?”

“ஊத்து.”

சாயங்கால வண்டியில் இராஜம்மா மட்டும்தான் கிள்ளானுக்குப் போனாள்.

மறுநாள் காலை சீதாலெட்சுமி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ரெங்கசாமியின் குரல் கேட்டில் கிளம்பி, தண்ணீர்த் தொட்டியில் ஒருவர் வாங்கி, குழாயடியில் ஒருத்தி வாங்கி, வாசலுக்கு வந்து சேர்ந்தது.

“தங்கச்சி! சூளைப் புகைபோக்கியில! ரெண்டு! இந்தத் தடவ ரெண்டு!”

இனி அவளுக்குக் காக்கா வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? திவசம் முடிந்தது, காப்பார் பேச்சும் முடிந்தது. உட்கார்ந்து பிசையலாம்.

“கழுத்து என்ன நெறம் மாமா?” என்று உள்ளிருந்தே கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கையில் மாவோடு, புடைவையைச் செருகிக்கொண்டு, சூளைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தாள்.